மழையைக் கூட்டி வந்த பூநாரை

புதுசா சேந்த பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும்னு ஆபீஸ்ல இருந்து போன் போட்டாங்க. ரெண்டு வார்த்தைல முடிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் கதை சொல்லுத வேலைக்கு வரப்போறேன்? துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சில டைப் அடிச்சுக்கிட்டு, வெயில் படாம கறுக்காம இருந்திருப்பேன். விதி யாரை விட்டுச்சு. சரி, எல்லாரும் உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ இருக்க நாற்காலி மட்டும் எனக்கு.

முகமூடி எப்பிடி வெட்டணும், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை எப்பிடி வட்டமா உக்கார வைக்கணும், கடல்பசு பொம்மைக்குள்ள எந்தக் கையை விடணும், இதெல்லாம் உங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்துருவாங்க. பருவநிலை மாற்றம்னு ஒரு பெரிய வார்த்தையை ஆறு வயசுப் பிள்ளைகிட்ட தூக்கிப் போடக் கூடாது, ஆமையையும் நாரையையும் வச்சுத்தான் சொல்லணும்னும் சொல்லிருப்பாங்க. நல்லது. நான் அதுல மூக்கை நுழைக்கல. அந்த நாரையும் ஆமையும் ஒரு நாளைக்கு நம்மளையே திருப்பிக் கடிக்கும். அந்நேரம் என்ன செய்யணும்கிறதைத்தான் சொல்ல வந்திருக்கேன். எனக்கு அதை யாரும் பாடமா நடத்தல. ஒரு அக்கா செஞ்சாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அம்புட்டுதான்.

அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னேன்னு தெரிஞ்சா மில்லர்புரத்துல இருந்து ஆட்டோ பிடிச்சு வந்து வைவாங்க. என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் மூப்பு. ஆனா கதை சொல்ல ஊர் ஊராப் போற நம்ம வேன்ல எல்லாருக்கும் அவங்க அக்காதான். தலை நரைச்ச டிரைவர் அண்ணாச்சியே அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவார். கோவம் மூக்கு மேல இருக்கும். பொம்மையை மடிச்சு வைக்காம சுருட்டி வச்சாப் போதும், அன்னைக்கு எங்களுக்கு அர்ச்சனைதான். ஒரு பிள்ளை எந்திரிச்சுக் கேள்வி கேட்டா மட்டும் அந்தக் கோவமெல்லாம் எங்கன போகும்னே தெரியாது.

ஒரு தடவை ஆலந்தலைல ஆமைக் கதை. மணல்ல சூடு கூடுனா முட்டைல இருந்து வாரது முக்காவாசி பெண் ஆமையாப் போயிரும்னு சொல்லிக்கிட்டிருக்கோம். நடுவுல ஒரு பொடிசு எந்திரிச்சு, "அப்பம் கடலுக்கு யாரு போவா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அக்கா ஒரு பார்வை பாத்தாங்க, சிரிப்பு தொண்டையோட நின்னுட்டு. அந்த ஊர்ல அப்பா கடலுக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். ஆமை வீட்டு அடுப்பை நெனச்சுல்லா அந்தப் பிள்ளை கவலைப்படுது. அக்கா அது பக்கத்துல போய் உக்காந்து, ஆமைல அப்பா அம்மா ரெண்டு பேருமே கடல்லதான் இருப்பாங்க, அவங்கவங்க சாப்பாட்டை அவங்கவங்களே தேடிக்கிடுவாங்க, அப்பா ஆமை இல்லாட்டி அடுத்த தடவை முட்டைல குஞ்சு இருக்காது, அதுதான் சங்கடம்னு பொறுமையாச் சொன்னாங்க. வேன்ல ஏறினப்புறம், "பிள்ளை எந்த வீட்டுல இருந்து கேக்குதுன்னு பாருளா, பல்லைக் காட்டாத"ன்னு எனக்கு ஒரு குட்டு.

இம்புட்டு தெரிஞ்ச அக்காவே ஒரு தடவை சறுக்குனாங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்லா. ஏழெட்டு வருசம் இருக்கும். அதைத்தான் சொல்ல வாரேன்.

அக்கா ஒரு பூநாரைக் கதை கட்டிருந்தாங்க. பூநாரை நம்ம உப்பளத்துப் பக்கம் கூட்டம் கூட்டமா நிக்குமே, நெட்டைக் காலும் வளைஞ்ச கழுத்துமா, இளஞ்சிவப்புல, அதுதான். கதை இதுதான்: ஊரெல்லாம் புகை விட்டு உலகம் சூடாகிப் போச்சு. மேகத்துக்குத் தலை சுத்துது, எங்கன போய்ப் பெய்யணும்னே தெரியல, கடல் மேலேயே அலையுது. ஒரு பூநாரை பறந்து போய், மாட்டைத் தும்பு பிடிச்சு ஓட்டிட்டு வாரது மாதிரி அந்த மேகத்தை ஊருக்குக் கூட்டிட்டு வருது. மழை கொட்டுது, எல்லாருக்கும் சந்தோசம். புரட்டாசி மாசம் தாமிரபரணிக் கரைல நெல்லு விதைக்கிற ஊர்கள்ல அதைச் சொன்னோம். அணைல தண்ணி இல்ல, வாய்க்கால் காஞ்சு கிடக்கு, வீட்டுல பெரியவங்க எல்லாம் வானத்தையே பாத்துக்கிட்டிருக்காங்க. அந்தப் பிள்ளைகளுக்குக் கதை அப்பிடியே ஏறிப்போச்சு. "வா நாரை வா, மழையைக் கூட்டிட்டு வா"ன்னு பள்ளிக்கூடம் அதிரக் கத்துனாங்க. எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சது. அந்த வருசம் எங்கன போனாலும் அந்தக் கதைதான். ஆபீஸ்ல கூட, "உங்க நாரைக் கதை நல்லாப் போகுதாமே"ன்னு பாராட்டுனாங்க.

அதே கதையை மாசி மாசம் முத்தையாபுரத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னோம். மூணு பக்கமும் உப்பளம். படிக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அம்மாவுக்கு அளத்து வேலை.

இந்நேரம் உங்கள்ல தூத்துக்குடிக்காரங்க தலைல கையை வச்சிருப்பிய. மத்தவங்களுக்குச் சொல்லுதேன். அளத்துல வெயிலுதான் சம்பளம். கடல் தண்ணியைப் பாத்தில விட்டு, வெயில்ல காய்ஞ்சு உப்பு பூத்தாத்தான் வாருததுக்கு ஆளு கூப்பிடுவாங்க. மழை பெஞ்சா பூத்த உப்பு கரைஞ்சு போகும். தண்ணியை வடிச்சு, பாத்தியை மறுபடி மிதிச்சுச் சரி பண்ணி, திரும்ப உப்பு எடுக்கதுக்கு வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அந்தப் பொம்பளைகளுக்குக் கூலி கிடையாது. ஒரே மாவட்டந்தான். ஆத்தங்கரைல மழைக்குப் பொங்கல் வைப்பாங்க, அளத்துல மழையைக் கண்டா வயித்துல அடிச்சுக்கிடுவாங்க. இங்கனயே பொறந்து வளந்த ரெண்டு பொம்பளைக, எங்களுக்கு அது தெரியாதா? தெரியும். நல்லாவே தெரியும். கைதட்டல் கேட்டுக் கேட்டு மறந்துபோச்சு.

அன்னைக்குக் கதை முடிஞ்சதும் ஒரு பிள்ளை கூடக் கத்தல. உர்ருன்னு உக்காந்திருந்துச்சுக. வெயில் அசதின்னு நான் நெனச்சேன். வேன்ல ஏறும்போது அக்கா, "ஏதோ இடிக்குதுளா"ன்னு சொன்னாங்க. மத்தியானம் இன்னொரு பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்துச்சு. கிளம்பிட்டோம்.

பங்குனில ஒரு மழை பெஞ்சுச்சு. ஞாபகமிருக்கும், காலம் கெட்ட காலத்துல வந்து ஒரே ராத்திரில ஊரைக் குளிப்பாட்டிட்டுப் போனதே. மறுநாள் காலைல அந்தப் பள்ளிக்கூடத்து ஹெச்.எம். சார் போன் பண்ணார். குரலே சரியில்ல. உடனே வாங்கன்னார்.

போய்ப் பாத்தா, மைதானத்துல வனத்துறை ஜீப் நிக்கிது. தண்ணித் தொட்டி நிழல்ல ஈரச் சாக்கு மேல ஒரு பூநாரை. ஒரு பக்கத்து இறக்கை தொங்கிப் போய், கழுத்தைத் தரையோட போட்டுக் கிடக்கு. பக்கத்துல பாத்தா அது எம்புட்டுப் பெரிய பறவைன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நடந்ததை ஹெச்.எம். ஓரமாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னார். மழை விட்டதும் நாரைக்கூட்டம் அளத்துல இறங்கிருக்கு. ஏழெட்டுப் பிள்ளைக கல்லைப் பொறுக்கிட்டுப் போய் எறிஞ்சிருக்காங்க. ஒரு கல்லு இறக்கைல பட்டுட்டு. யாரு கல்லுன்னு பிள்ளைக அவர்கிட்ட சொல்லிட்டாங்க. ரெண்டாங்கிளாஸ் இசக்கி.

"ஃபாரஸ்ட் கார்டுகிட்ட நான் மூச்சு விடல. நீங்களும் வாயைத் தொறக்காதிய"ன்னார்.

ஏன்னா, கார்டை விடப் பெரிய ஆள் ஒருத்தர் அங்கன பைக்கைச் சாச்சுக்கிட்டு நின்னார். அளத்துக் கணக்கப்பிள்ளை. யாருக்கு வேலை, யாருக்கு இல்லைன்னு முடிவு பண்ணுதது அவர்தான். அளத்துக்குள்ள வனத்துறை வாரது முதலாளிக்குப் பிடிக்கல. எவ பெத்த பிள்ளை எறிஞ்சுதோ அவ இனிமே அளத்துல காலை வைக்கக் கூடாதுன்னு காலைலயே சத்தம் போட்டுச் சொல்லிட்டாராம். இசக்கிக்கு அப்பா கிடையாது. அவ அம்மா பேச்சித்தாய் அளத்துக்குப் போய்த்தான் ரெண்டு உசிரும் கஞ்சி குடிக்கணும். மழைல வேலை நின்னு போனதால அளத்துப் பொம்பளைக எல்லாரும் அங்கனதான் நிக்காங்க. அவங்க நடுவுல பேச்சித்தாய். அவ சேலைக்குப் பின்னால இசக்கி. அத்தனை பொம்பளைக்கும் விசயம் தெரியும், ஒருத்தி வாயில இருந்தும் ஒரு சொல்லு வரல.

கார்டு நல்ல பையன்தான், சின்ன வயசு. கேஸு கீஸெல்லாம் பிள்ளைக மேல போட மாட்டோம், ஆனா எழுதிக் கொடுக்கணும், யாருன்னு ஒரு பேரு வேணும்னு திரும்பத் திரும்பச் சொல்லுதான். அதைச் சொல்லிட்டு வரிசையா நின்ன பிள்ளைகளைப் பாத்து, உள்ளதைச் சொல்லுத பிள்ளைக்குச் சாக்லேட்டுன்னான். சாக்லேட்டுக்கு எந்த ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வாயை மூடிக்கிட்டு நிக்கும்? அக்கா முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன், பேசாம வாங்க, நாம எதுக்கு இதுலன்னேன்.

அக்கா கையை உதறிட்டு நேரா அந்த வரிசை முன்னால போய்க் குத்த வச்சாங்க. யாருன்னு கேக்கல.

"ஏன் மக்கா எறிஞ்சிய?"ன்னு கேட்டாங்க.

பேச்சித்தாய் சேலையை விலக்கிட்டு இசக்கி வெளிய வந்தா. பயமே இல்ல அவ மூஞ்சில. தான் ஒரு நல்ல காரியம் செஞ்சிருக்கோம், அதை இந்தப் பெரிய ஆளுகளுக்கு எடுத்துச் சொல்லணும்கிற மாதிரி நின்னா.

"அதுதான டீச்சர் மழையைக் கூட்டிட்டு வந்துச்சு. நீங்கதான சொன்னிய. எங்கம்மைக்கு வேலை போச்சுல்லா."

எனக்கு உசிரே போயிட்டு. ஹெச்.எம். மூடி வச்சிருந்ததை அக்கா ஒரே கேள்வில போட்டு உடைச்சிட்டாங்க. கணக்கப்பிள்ளை திரும்பி பேச்சித்தாயைப் பாத்த பார்வையை நான் பாத்தேன். அவ்வளவுதான், அந்தப் பொம்பளை சோத்துல மண்ணு விழுந்துச்சுன்னு நெனச்சேன்.

அக்கா எந்திரிச்சாங்க. நிதானமா சேலைல ஒட்டுன மண்ணைத் தட்டுனாங்க.

"ஆமா, நாந்தான் சொன்னேன். சார், ஒரு பேரு வேணும்னியள்லா, என் பேரை எழுதுங்க."

கார்டு முழிச்சான். நீங்க அந்த இடத்துலயே இல்லையே மேடம், எப்பிடி எழுதன்னு கேட்டான்.

"எறிஞ்ச கையைத் தேடுதிய. கல்லை எடுத்துக் கொடுத்தது நான். பெத்தவ கஞ்சியைக் கெடுக்க ஒண்ணு வருதுன்னு ஒரு டீச்சர் வந்து சொன்னா, ஏழு வயசுப் பிள்ளை வேற என்ன செய்யும் சார்?"

அதுக்குள்ள கணக்கப்பிள்ளை, இந்தப் பேச்செல்லாம் உங்க ஆபீஸ்ல வச்சுக்கிடுங்க, எனக்கு என் அளந்தான் முக்கியம்னு ஆரம்பிச்சார். அக்கா சண்டைக்குப் போகல. நான் பாத்த வரைக்கும் கோவப்பட வேண்டிய இடத்துல அவங்க கோவப்படாம இருந்தது அன்னைக்குத்தான். அண்ணாச்சி, இன்னைக்கு அளத்துல யாருக்கும் சோலி இல்லையே, பிள்ளைகளுக்கு நான் ஒரு பாக்கி சொல்லணும், இருந்து கேட்டுட்டுப் போங்க, அப்புறம் என்ன முடிவுன்னாலும் உங்க இஷ்டம்னாங்க. அவரு போகவும் இல்ல, சரின்னு சொல்லவும் இல்ல. பைக் மேல ஏறி உக்காந்துக்கிட்டார்.

இப்பம் நல்லாக் கவனிங்க. கைல பொம்மை இல்ல, படம் இல்ல, யோசிச்சு வச்ச கதையும் இல்ல. எதுக்க வனத்துறை, பக்கத்துல ஹெச்.எம்., சுத்தி வேலை போன பொம்பளைக, நடுவுல அடிபட்ட பறவை. நானா இருந்தா கையெடுத்துக் கும்பிட்டு அழுதிருப்பேன். அக்கா பிள்ளைகளைப் பாத்து, போன தடவை நான் சொன்னது பொய்யின்னாங்க. நாரை மழையைக் கூட்டிட்டு வராது. ஆத்தங்கரைல பிள்ளைக மழைக்கு ஏங்கிக் கிடந்தாங்க, அவங்களுக்குக் கட்டுன கதையை யோசிக்காம உங்க தலைல கட்டிட்டேன்னாங்க.

பிள்ளைக ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. டீச்சர் ஒருத்தங்க பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டு அதுக முன்னப்பின்ன பாத்திருக்காது. பின்னால ஒருத்தன் மெல்ல, "பொய் சொன்னா முட்டி போடணும்லா டீச்சர்"ன்னான்.

ஹெச்.எம். அவனை அதட்டப் போனார். அக்கா அதுக்குள்ள முட்டி போட்டுட்டாங்க. அந்தச் சரளைக்கல்லு மைதானத்துல, அத்தனை பேரு முன்னால. கிண்டலுக்கு இல்ல. மிச்சக் கதை பூரா முட்டி போட்டுக்கிட்டேதான் சொன்னாங்க. பொம்பளைகள்ல யாரோ அய்யோன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

கதைன்னு கூடச் சொல்ல முடியாது, பாதி கேள்விதான். நாரை தலையைத் தலைகீழாத் தண்ணிக்குள்ள விட்டு என்ன செய்யும்னு கேட்டாங்க. தின்னும்னாங்க பிள்ளைக, தினம் பாக்கதுதான. என்ன தின்னும்? பூச்சி. எந்தப் பூச்சி? அது பிள்ளைகளுக்குத் தெரியல. அளத்துத் தண்ணில கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம ஒரு பொடி இறால் மாதிரி ஒண்ணு உண்டு, நல்லா கரிக்கிற தண்ணிலதான் அது பெருகும், அதைத் தின்னுதான் நாரைக்கு அந்த நிறமே வருதுன்னு அக்கா சொன்னாங்க. நாள் பூரா உப்புத் தண்ணில காலை ஊன்றி, குனிஞ்ச தலை நிமிராம நின்னாத்தான் நாரைக்கு வயிறு நிறையும்னாங்க. அதைக் கேட்டதும் பொம்பளைக பக்கம் ஒரு சலசலப்பு. பேச்சித்தாய் அவ காலையே குனிஞ்சு பாத்தா.

"மழை பெஞ்சா தண்ணி என்ன ஆகும்?"

"சப்புன்னு ஆயிரும்."

"அப்பம் அந்தப் பொடி இறாலு?"

"செத்துரும்."

அதுக்கு மேல அக்கா கேக்கல. விட்டுட்டாங்க. சொல்லி முடிக்கிறதுக்குத் துறுதுறுன்னு நாக்கு வரும் பாருங்க, அந்த இடத்துல வாயை அடக்கத் தெரியணும். அது எனக்கு ரிட்டயர் ஆகுற வரைக்கும் சரியா வரல. இசக்கி நாரையைப் பாத்தா, அம்மையைப் பாத்தா, திரும்ப நாரையைப் பாத்தா.

"அதுக்கும் சோலி இல்லாமப் போச்சா டீச்சர்?"

ஆமான்னு தலையை ஆட்டுனாங்க அக்கா. இசக்கி அழல. மூஞ்சி மட்டும் சுருங்கிப் போச்சு. அதைப் பாக்கச் சகிக்கல எனக்கு.

அப்பம் மழையை யாரு கூட்டிட்டு வந்தான்னு இன்னொரு பிள்ளை கேட்டுச்சு. கஞ்சிப் பானை அடுப்புல இருந்தா ஆவி வருதுல்லா, தீயைக் கூட்டுனா ஆவி கூடுதுல்லா, கடலும் இப்பம் அப்பிடித்தான் சூடேறிக் கிடக்குன்னாங்க. கூடுதலா ஏறுன ஆவி எங்கனயாவது விழுந்துதான ஆகணும். முன்னயும் மழை தப்பி வரும், எப்பமாவது. இப்பம் ஐப்பசி கார்த்திகைன்னு பாக்காம, விழுந்தா ஒரேடியா விழுதது கூடிப்போச்சுன்னாங்க. பொம்பளைகள்ல ஒரு அம்மா, "நெசந்தான், இப்பம்லாம் மாசம் தெரியாமப் பெய்யுது"ன்னு எடுத்துக் கொடுத்தா.

இசக்கி கேட்டா பாருங்க ஒரு கேள்வி. நான் எத்தனையோ மீட்டிங்குல பெரிய பெரிய ஆளுகளோட உக்காந்திருக்கேன், அப்பிடி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.

"அப்பம் கல்லை யாரு மேல டீச்சர் எறியணும்?"

மைதானமே அக்காவைப் பாக்குது. கணக்கப்பிள்ளையும் பாக்கார். எதையாவது கைகாட்டிட்டுத் தப்பிச்சிருக்கலாம். தூரத்துல புகைபோக்கி தெரியுது, ரோட்டுல லாரி போகுது. ஆனா ஏற்கனவே ஒண்ணைக் கைகாட்டுனதாலதான ஒரு பறவை சாக்குல கிடக்கு. அக்கா கொஞ்சம் யோசிச்சுத்தான் பேசுனாங்க.

"ஒரு ஆளுன்னு இல்லளா. புகை நெறைய விடுதவங்க உண்டு, கொஞ்சமா விடுதவங்க உண்டு. இந்தா, நான் வந்த வேனும் புகை விட்டுக்கிட்டுத்தான் வந்துச்சு. கல்லால அது நிக்காது. எதுனால நிக்கும்னு எனக்கும் முழுசாத் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் பொய் கலக்காமச் சொல்லுதேன்."

எல்லாப் பிள்ளையும் ஒண்ணு போல வேன் பக்கம் திரும்புச்சு. டிரைவர் அண்ணாச்சி ஓடிப் போய் முன்கண்ணாடியை மறைச்சுக்கிட்டு நின்னார். அப்பத்தான் அந்த மைதானத்துல முதல் தடவையா ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிச்சது பொம்பளைக.

கார்டு எழுதுனான். தப்பாச் சொன்ன கதையை நம்பிப் பிள்ளைகள் விரட்டப் போனதில் காயம்னு, கீழ அக்கா பேரு. நாரையைத் தூக்கி ஜீப்ல வச்சான். கணக்கப்பிள்ளை பைக்கை ஸ்டார்ட் பண்ணார். யாரு மூஞ்சியையும் பாக்காம, "தண்ணி வடியட்டும். எல்லாரும் வந்துருங்க"ன்னுட்டுப் போயிட்டார். அந்த "எல்லாரும்"ங்கிறதைக் கேட்டதும் பேச்சித்தாய் நின்ன இடத்துலயே பொத்துன்னு உக்காந்துட்டா. மத்தவங்கதான் தண்ணி கொடுத்தாங்க.

அக்காவுக்கு நடந்ததையும் சொல்லணும். வனத்துறைல இருந்து ஆபீஸுக்குக் கடிதாசி வந்துட்டு. கதை சொல்லப் போன ஆளு பேரு அதுல இருக்கவும், ஆபீஸ்ல அவங்களை வேன்ல அனுப்பல. அந்த வருசம் முழுக்க உள்ள உக்கார வச்சு முகமூடி வெட்ட விட்டாங்க. ஹெச்.எம். நல்லபடியா மூடி வச்சிருந்தாரே, நீங்க ஏன் வாயைக் கொடுத்தியன்னு சண்டை போட்டேன். கத்தரிக்கோலைக் கீழ வைக்காமலே பதில் சொன்னாங்க. மூடி வச்சிருந்தா பேச்சித்தாய்க்கு வேலை மிஞ்சும், ஆனா அடுத்த மழைக்கும் இசக்கி கல்லு எடுப்பா, அதும் சரின்னு நெனச்சே எடுப்பா, அது உனக்குச் சம்மதமான்னாங்க.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். ஒரு ஊர்ல கதையைப் பிரிக்கதுக்கு முன்ன, இங்கன மழை பெஞ்சா யாரு சிரிப்பா, யாரு அழுவான்னு கேட்டுக்கிடுங்க. கேட்டும் தப்பு வரும். வந்தா, எந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னியளோ அதே பிள்ளைகள் முன்னால போய் நில்லுங்க. அதுக்கு ட்ரெயினிங் கிடையாது.

நாரையை ஜீப்ல கொண்டுபோய் ஒரு வாரம் கழிச்சு கார்டு அக்காவுக்குப் போன் பண்ணான். நாரை பிழைக்கல. போனை வச்சிட்டு அக்கா, இசக்கிகிட்ட சொல்லணும்னாங்க. கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு, அந்தப் பிஞ்சுகிட்ட போய் இதைச் சொல்லலாமான்னு நான் குதிச்சேன். பறந்து போயிட்டுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்னேன். பொய் கலக்க மாட்டேன்னு அத்தனை பேரு முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன்னாங்க.

சித்திரை பிறந்து லீவு விட்டப்புறம்தான் போக முடிஞ்சுச்சு. வேன் கிடையாதே, முத்தையாபுரம் பஸ் பிடிச்சு, மிச்சத்தை நடந்தோம். வெயில்னா அப்பிடி ஒரு வெயில். பாத்தி எல்லாம் திரும்பவும் வெள்ளை பூத்துக் கிடந்துச்சு. பொம்பளைக உப்பு வாரிக்கிட்டிருந்தாங்க, பேச்சித்தாயும் இருந்தா. எங்களைக் கண்டதும் கையை ஆட்டுனா. இசக்கி வரப்புல ஒரு துண்டைத் தலைல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கொஞ்சம் தள்ளி, ஊருக்குத் திரும்பாம மிஞ்சுன நாரைக சிலது தலையைத் தண்ணிக்குள்ள விட்டு மேஞ்சுக்கிட்டிருந்துச்சுக.

அக்கா அவ பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. சுத்தி வளைக்கல. அந்த நாரை செத்துப்போச்சு, டாக்டர் பாத்தும் முடியலன்னாங்க. இசக்கி தலைத் துண்டை இழுத்து வாயைப் பொத்திக்கிட்டா. கண்ணுல தண்ணி நிறைஞ்சு நின்னுச்சு, விழல. நான் வேற பக்கம் திரும்பிட்டேன்.

"இதுகளுக்குத் தெரியுமா டீச்சர்?"ன்னு அந்த நாரைகளைக் காட்டிக் கேட்டா.

தெரியாதுளான்னாங்க அக்கா.

இசக்கி எந்திரிச்சா. வரப்பு மேல கொஞ்ச தூரம் நடந்து, பறவைக பயப்படாத அளவுக்குத் தள்ளி நின்னுக்கிட்டா. அம்மைக உப்பு வாருத சத்தத்துக்கு மேல கேக்கணும்னு ரெண்டு கையையும் வாய்க்கிட்ட குவிச்சு வச்சுக்கிட்டா.

"ஏ நாரை, மழையை நீங்க கூட்டிட்டு வரலையாம். நாந்தான் தெரியாம எறிஞ்சிட்டேன்."